நடுங்கும் கோடு

படபடவென்று ஒரு சத்தம். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு, வீட்டுக்குள் புறா புகுந்துவிட்டதென்று அவள் துடைப்பத்தோடு ஓடியிருக்கிறாள்.

புறா இல்லை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் கணவர் உட்கார்ந்து, வரைந்த தாள்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டினால் தாளிலிருக்கும் நரி ஓடும்.

"நரி ஓடுதா பாரு."

"ஓடுது. ஆனா நொண்டுது."

"அடி கண்ணுக்காரி!" என்று கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைவார்.

இப்போது அந்தச் சத்தம் இல்லை. போன படம் முடிந்தபின் கையில் நடுக்கம் வந்துவிட்டது என்றார். அவர் வரையும் அனிமேஷன் கம்பெனிக்குத் தெரியாது. அடுத்த படம் தொடங்கும்வரை லீவு. அதற்குள் சரியாகிவிடும் என்று இருவரும் மாறி மாறிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டிவியில் விருது விழா. அவர் வரைந்த அந்த அனிமேஷன் படம்தான் சிறந்த படம். "பயந்துபோன ஒரு குழந்தையின் உலகத்தைப் படம் முழுக்க நடுங்கும் கோட்டாலேயே காட்டியிருக்கிறார்கள். கோட்டுக்கே நெஞ்சு துடிக்கிறது" என்றது நடுவர் குழு.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "அந்தக் கோடு என் யோசனை. ஒருநாள் திடீர்னு தோணுச்சு."

"படுபாவி! வாய் கூசாம சொல்றான் பாருங்க!" அவள் எழுந்துவிட்டாள். "முதல்ல அந்தக் கோட்டைப் போட்டது நீங்க. இந்த மேஜையில என் கண்ணால பார்த்தேன். 'ஏன் நடுங்குது'ன்னு கேட்டதுக்கு, 'இது புது மாதிரி, கம்பெனில வேற யாரும் போடல'ன்னு சொன்னீங்களா இல்லையா?"

அவர் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். "விடும்மா."

"எப்படி விடறது? உழுதவன் ஒருத்தன், அறுத்துட்டுப் போறவன் இன்னொருத்தனா? நீங்க வாயில்லாப் பூச்சி. எனக்கு வாய் இருக்கு."

மறுநாள் அவளே ஒரு நிருபரைக் கூப்பிட்டுச் சொன்னாள். செய்தி வந்தது. நடுவர் குழு இயக்குநரை விசாரித்தது.

அவர் மறுக்கவேயில்லை. "ஆமா. அது அவரோட கற்பனை. நான் திருடினேன்."

விருது அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கணவர் அந்தச் சிலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். தன்னடக்கம் என்று அவள் பூரித்துப்போனாள்.

ஒரு மத்தியானம், கம்பெனியில் கோடுகளைச் சரிபார்க்கும் பெண் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"சார் எங்கேக்கா?"

"உள்ளே மேஜையில இருக்கார். வா, உட்காரு."

"உட்கார வரல." குரலைத் தாழ்த்தினாள். "அது சார் யோசிச்சுப் போட்ட கோடு இல்லக்கா. கை நடுங்கித்தான் அப்படி வந்துச்சு."

"என்ன உளர்றே? நடுக்கம் படம் முடிஞ்சப்புறம்தானே வந்துச்சு?"

"உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா? பாதிப் படத்துலயே வந்துருச்சு. தாள் முதல்ல என்கிட்டதானே வரும்? திருப்பி அனுப்பப் போனேன். டைரக்டர் தடுத்துட்டார். 'முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார். வரையறதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேற என்ன தெரியும்?'னார். மறுநாள் எங்க எல்லாரையும் கூப்பிட்டு, 'இனிமே கோட்டை நடுங்க நடுங்கப் போடுங்க, இது என் புது யோசனை'ன்னார். முடிஞ்சதையும் சேர்த்துத் திரும்ப வரைஞ்சோம். ஆளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு சிரிச்சோம். கடைசில சார் கோடு எதுன்னு எனக்கே தெரியல. தனக்காகத்தான் டைரக்டர் அப்படிச் செஞ்சார்னு தெரியாம, தன்னோட நல்ல நேரம்னு சாரும் நினைச்சுக்கிட்டார்."

நரி நொண்டியதைப் பார்த்த அவள் கண்ணுக்கு, பக்கத்திலிருந்த கை தெரியவில்லை.

"இதை விசாரணையில சொல்லியிருக்கலாமே! திருடினேன்னு ஏன் சொன்னார்?"

"நானும் அழுதுகிட்டே கேட்டேன். 'அடுத்த படத்துலயும் அவர் பேர் இருக்கு. நடுக்கம்னு தெரிஞ்சா பேரை அடிச்சிடுவாங்க. திருட்டை ஊர் மறந்துடும்மா, வியாதியை மறக்காது'ன்னார்."

உள்ளே தாள்கள் நழுவித் தரையில் சிதறும் சத்தம் கேட்டது. புரட்டிப் பார்த்திருக்கிறார்.

அடுத்த படத்தில் அவரால் ஒரு தாள்கூட வரைய முடியவில்லை. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று, அவள் அந்த நிருபரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அது பழைய செய்திம்மா" என்றார் அவர்.

ஊர் திருட்டை மறக்கவில்லை. அந்த இயக்குநருக்கு அதன்பிறகு யாரும் படம் கொடுக்கவில்லை.