தூளிக்குள் டைரக்டர்

"எங்கள வுட்டுட்டுப் போயிடாத சாமீ!"

குஞ்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டு தூளிக்குப் பின்னாலேயே ஓடிவந்தாள். தூளிக்குள் சுருண்டு கிடந்த செழியனுக்கு நெஞ்சு உருகிப் போயிற்று. சொந்தமா, பந்தமா? படம் எடுக்க வந்த எவனோ ஒருத்தன். அவனுக்காக இப்படி ஒரு அழுகையா!

கல்வராயன் மலையில் ரோடே இல்லாத மேல்கொட்டாய்க்கு அவன் ஆறு வருஷமாக வந்து போகிறான். நோயாளியைப் போர்வையில் தூளி கட்டி, மூங்கில் கம்பில் தொங்கவிட்டு, நாலு பேர் தோளில் சுமந்துகொண்டு ரோடு வரைக்கும் இறங்குகிற கொடுமையை டாகுமெண்டரியாக எடுத்தே தீருவது என்று ஒரு வெறி. வேலையை விட்டான், பைக்கை விற்றான். பெண் கொடுப்பதாக இருந்த சங்கராபுரத்து மாமாவும் கையை விரித்துவிட்டார்.

ஆனால் பாருங்கள், நிஜமாகத் தூளி இறங்கிய நாட்களில் ஒரு நாளும் அவன் ஊரில் இருந்ததில்லை. மற்றபடி ஊர்க்காரர்களை வைத்து எடுத்துப் பார்த்தது எதிலும் அவனுக்குத் திருப்தி வந்ததில்லை.

இன்று விடியும்போது கண் இமை தூக்க முடியாமல் கனத்தது. தட்டுத்தடுமாறி எழுந்தவன், பாயோரமாகக் கட்டுவிரியன் ஊர்ந்து போவதைப் பார்த்தான். கணுக்காலில் இரண்டு பொட்டு. எப்போது கடித்துத் தொலைத்ததோ!

வெளியே தள்ளாடி வந்தபோது எப்போதும் தூளி சுமக்கிற வெற்றிவேலும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாம்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். நாக்கு புரளவில்லை. காலைக் காட்டினான், சுவரில் சாய்த்திருந்த தூளிக் கம்பைக் காட்டினான், அப்படியே சரிந்தான்.

அவ்வளவுதான். நாலு பேரும் டீயைக் கீழே ஊற்றினார்கள், செருப்பைக் கழற்றி வீசினார்கள், அவனை அள்ளித் தூளியில் போட்டார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன மனுஷங்கடா இவங்க என்று செழியனுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கை எழும்பவில்லை.

"தோளு மாத்துடா... பாத்து, வழுக்குது!" என்றான் மாயவன்.

"சாரு இன்னா கனம் கனக்கிறாரு!"

"பேசாம வாடா."

முள் கிழித்தது, கல் இடித்தது. அவர்கள் நிற்கவே இல்லை. செழியனுக்கு மூச்சு மேலே மேலே வாங்கியது. ரோடு வந்துவிட்டால் போதும். எந்த வண்டியையாவது மறித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். ஊசி ஏறினால் பிழைத்துக்கொள்ளலாம். படத்தை முடிக்காமல் சாகக் கூடாது, கடவுளே!

ஒருவழியாக ரோடு வந்தது. தூளி மெல்லத் தரையில் இறங்கியது. குஞ்சம்மாளின் அழுகையும் நின்றது.

மேலே திருப்பத்தில் ஒரு வேனின் ஹாரன் கேட்டது. வருகிறது, வருகிறது, இதோ பக்கத்திலேயே வந்துவிட்டது. மறிங்கப்பா, மறிங்க! வேன் அவர்களைத் தாண்டிக் கீழே போயே போய்விட்டது.

ஏன் மறிக்கவில்லை? அழ வேண்டும் போலிருந்தது செழியனுக்கு. சுண்டு விரல்கூட அசைய மாட்டேன் என்றது. மூடிக்கொண்டே வந்த இமைகளின் இடுக்கில் பார்த்தான். எல்லோரும் அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

குஞ்சம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னாப்பா, சார் ஒண்ணுமே சொல்லக் காணோம்?"

வெற்றிவேல் பெருமூச்சு விட்டபடி குனிந்து கம்பைத் தோளில் ஏற்றினான்.

"இந்த ரிகர்சலும் சாருக்குப் புடிக்கல போலருக்கு... தூக்குங்கடா, மறுபடி மேலேர்ந்து வருவோம்!"