கப்பலுக்கு முன் ஒரு கல்யாணம்

“ஒரே பெஞ்சுலயா?”

மொக்கச்சாமி கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆமாய்யா. டென்மார்க்கு காலேஜுல ஆணு, பொண்ணுன்னு பாக்க மாட்டாங்களாம். பக்கத்துல பக்கத்துலதான் உக்காரணும்” என்றான் அழகுமலை, இட்லியைப் பிட்டபடி. “சனிக்கிழமை சாயங்காலம் ஆனா டான்சு. ஆடலைன்னா மரியாதைக் குறைவா நினைப்பாங்களாம்.”

“ஆறு மாசத்துல எத்தனை சனிக்கிழமைடா வரும்?”

“இருபத்தஞ்சு, இருபத்தாறு வரும்யா.”

அதற்கு மேல் மொக்கச்சாமிக்குக் காப்பி இறங்கவில்லை.

குரங்கணி மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் அவருக்கு அழகுமலை ஒரே மகன். விவசாயக் கல்லூரியில் படிக்கிறான். கல்லூரியிலிருந்து ஒரே ஒரு மாணவனை ஆறு மாதம் ஐரோப்பாவில் படிக்க அனுப்புகிறார்கள். அந்த ஒருவன் தன் மகன்தான் என்று போடி கடைவீதி முழுக்க எப்போதோ சொல்லி முடித்துவிட்டார். இப்போது போகவேண்டாம் என்று தடுத்தால் ஊரே சிரிக்கும்.

“வெள்ளைக்காரன் போயி எட்டு வருஷம் ஆச்சு. இனி எவளாவது வெள்ளைக்காரி என் வீட்டுக்கு வரணுமா? ஏ கருத்தம்மா! இவனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டுத்தான் கப்பல் ஏத்தணும்.”

“கல்யாணமா? வேணாம்யா, படிப்புக் கெட்டுப்போகும்” என்று முகத்தைச் சுளித்தான் அழகுமலை.

“நீ சும்மா இரு. கப்பலுக்கு எத்தனை நாள் இருக்கு?”

“இருபது நாள்.”

மொக்கச்சாமி நாலு நாள் அலைந்தார். கோம்பை, சின்னமனூர், உத்தமபாளையம் என்று எங்கே போனாலும் ஒரே பதில்தான். “தாலி கட்டின கையோட கப்பல் ஏறுற மாப்பிள்ளைக்கு யாருங்க பொண்ணு கொடுப்பா? போயிட்டு ஒத்தையாத் திரும்பி வரட்டும், அப்புறம் பேசுவோம்.”

ஐந்தாம் நாள் மனைவி கருத்தம்மா மெல்ல ஆரம்பித்தாள். “என் தம்பி மக இருக்காளே. முறைப்பொண்ணு. தாய்மாமன் மட்டும் இல்லைன்னு சொல்ல மாட்டான்.”

“யாரு, அந்தச் சின்னச்சாமியா? காதுகுத்து விருந்துல எல்லாருக்கும் கறி வச்சுட்டு என் எலையை மட்டும் தாண்டிப் போனானே, அவனா? எட்டு வருஷமா அவன் வாசலை மிதிக்கலை. இனியும் மிதிக்க மாட்டேன்!”

“எனக்கும் வேணாம்த்தா” என்றான் அழகுமலை. “செல்லக்கிளி சரியான வாயாடி. டென்மார்க்குப் பொண்ணுங்க எம்புட்டு அமைதி தெரியுமா? போட்டோவுலயே தெரியுதே.”

“போட்டோவா? என்ன போட்டோ?”

“கூடப் படிக்கப் போறவங்கன்னு அனுப்பியிருந்தாங்க. சும்மா ரெண்டு மூணு பேருதான்யா.”

மறுநாள் முதல் பஸ்சிலேயே மொக்கச்சாமி தேவாரத்தில் போய் இறங்கினார்.

“வாங்க மச்சான்!” என்று ஓடிவந்தார் சின்னச்சாமி. “பொண்ணைக் கொடுன்னு நீங்க கேக்கணுமா? கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா ஆச்சு. முதல்ல சாப்பிடுங்க. கறி வாங்க ஆள் அனுப்பிட்டேன்.”

மொக்கச்சாமி எட்டு வருடத்து வீராப்பைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். இரண்டு தரம் கறி கேட்டு வாங்கினார்.

ஒன்பதாம் நாள் காலை போடியில் முகூர்த்தம். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் மொக்கச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய பாரம் இறங்கியது.

“இனி நீ எத்தனை டான்சு வேணும்னாலும் ஆடிக்கடா!” என்று மணவறையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். பந்தலே சிரித்தது.

அப்போதுதான் சிக்கந்தர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். ஏலக்காய் வியாபாரி உதுமானின் மகன், அழகுமலையோடு படிப்பவன்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. மெட்ராசுல பாஸ்போர்ட்டு வாங்கிட்டு இப்பத்தான் வந்து இறங்குறேன்.”

“ஒனக்கு எதுக்கு அப்பு பாஸ்போர்ட்டு?”

“டென்மார்க்குக்குத்தான். அழகுமலை விட்டுக்கொடுத்த எடத்துல நான்ல போறேன்! வீட்டுல சொல்லலையா அவன்?”

மொக்கச்சாமி மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். அவன் மாலையிலிருந்த பூவை மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தான்.

“எப்ப விட்டுக்கொடுத்தான்?” என்று சிக்கந்தரைக் கேட்டார்.

“ரெண்டு மாசம் இருக்கும் மாமா.”

“ரெண்டு இல்லண்ணே, மூணு” என்று திருத்தினாள் செல்லக்கிளி, குனிந்த தலை நிமிராமல்.