ரோஸ்மேரிக்கு நினைவஞ்சலி

குழந்தை பிறந்த அன்றே இறந்துவிட்டதாகப் போட்டிருந்தது. நோலீன் மடிக்கணினியைப் படாரென்று மூடி, அதன்மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

டீயோடு வந்த கிளைவ், மனைவியின் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு, நோலி?"

"அம்மா கிடைச்சிட்டாங்கன்னு நினைச்சேன். இவங்களும் இல்ல."

நோலீன் தத்துப் பிள்ளை. வளர்த்தவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அலமாரியில் அவளைத் தத்தெடுத்ததற்கான தாள் அகப்பட்டது. அதில் பெற்றவள் பெயர் இல்லை. பிறந்த தேதியும், லான்செஸ்டன் நகருக்கு வெளியே கல்யாணமாகாத கர்ப்பிணிகளைக் கொண்டுபோய் மறைத்து வைத்த ஒரு விடுதியின் பெயரும் மட்டும் இருந்தன. விடுதியை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. விசாரித்தபோது, பதிவேடுகள் எல்லாம் தீயில் போய்விட்டன என்று கையை விரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பழைய செய்தித்தாள்களே கதி என்று ஆகிவிட்டாள். நூலகத்தில் அவற்றின் நுண்படச்சுருள்களை ஓட்டி ஓட்டிக் கண் எரிந்தது. இணையத்தில் யார் யாரோ தொகுத்து வைத்த அட்டவணைகளில் தான் பிறந்த ஆகஸ்ட் பதினொன்றைப் போட்டுப் போட்டுத் தேடினாள். பெற்றவள் உயிரோடு இருந்தால் எண்பதை ஒட்டியிருப்பாள். ஒவ்வொரு மரண அறிவிப்பைப் பார்க்கும்போதும், இவளாக இருக்குமோ, நான் வருவதற்குள் போய்விட்டாளோ என்று தோன்றும்.

இன்று அகப்பட்டது சென்ற ஆகஸ்டில் நினைவஞ்சலிப் பத்தியில் வந்த ஓர் அறிவிப்பு. அவள் பிறந்த அதே தேதி, அதே ஆண்டு, அதே விடுதி. நோலீன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அதற்குக் கீழேதான் அந்த வரி இருந்தது. 'ரோஸ்மேரி. பிறந்த அன்றே மறைந்த என் மகள். அம்மா, பெரில் டன்ஸ்டன், அல்வர்ஸ்டன்.'

கிளைவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். "இந்தக் குழந்தை இறந்தது மரணப் பதிவு அட்டவணையில இருக்கா?"

"தேடிட்டேன். அந்தத் தேதியில அங்க எந்தக் குழந்தையும் செத்ததா இல்ல."

"அது சரி, கல்யாணமாகாம பிறந்ததையெல்லாம் அந்தக் காலத்துல எவன் ஒழுங்கா எழுதி வச்சான்? தோட்டத்து மூலையில புதைச்சுட்டுக் கையைத் தட்டிவிட்டுப் போயிருப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்ணு, நோலி. நீ பிறந்த அன்னிக்கு இந்தம்மா அங்க இருந்திருக்காங்க. பக்கத்துக் கட்டில்லயே உன் அம்மாவும் இருந்திருப்பாங்க. பேரு தெரிஞ்சிருக்கும்ல?"

"வயசான மனுஷிகிட்ட போய், செத்துப்போன குழந்தையைப் பத்திப் பேசச் சொல்றியா? உனக்கே நல்லாருக்கா?"

"வேற வழி இருந்தா நீயே சொல்லு."

நோலீன் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து அல்வர்ஸ்டனில் பெரிலின் முகவரியைத் தேடினாள்.

சனிக்கிழமை அல்வர்ஸ்டனுக்குத் தனியாகவே காரை ஓட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்த குட்டையான கிழவி, கையில் ஒட்டிய மாவைக்கூடத் துடைக்காமல் முறைத்தார்.

"சாமியைப் பத்திப் பேச வந்திருந்தா அடுத்த வீட்டுக்குப் போங்க. அங்க இருக்கிறவன்தான் ரொம்பப் பொறுமைசாலி."

"இல்லம்மா. நான்... ரோஸ்மேரியைப் பத்திப் பேச வந்தேன்."

பெரில் கதவுப் பிடியை விடாமல் அப்படியே நின்றார். "அந்தப் பேரை இன்னொருத்தர் வாயால இன்னிக்குத்தான் கேக்குறேன். உள்ள வா, கண்ணு."

சமையலறை மேஜையில் உட்காரவைத்து, சுடச்சுட ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் எடுத்து வைத்தார். நோலீன் தட்டை ஓரமாக நகர்த்தினாள். பெரிலாகவே பேச ஆரம்பித்தார்.

"எனக்கு அப்பப் பதினேழு வயசு. வலி வர்ற வரைக்கும் துணி துவைக்க வச்சாங்க. வலி வந்ததும் மயக்க மருந்து. முழிச்சுப் பாக்குறேன், குழந்தை போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. அழுதா, எல்லாம் நல்லதுக்குத்தான்னு திட்டு வேற. எங்க புதைச்சீங்கன்னு கேட்டதுக்குப் பதிலே இல்ல. அதான் வருஷா வருஷம் பேப்பர்ல போடுறேன். வேற எங்க போய் நான் பூ வைக்கிறது?"

இதற்குமேல் கேட்காமல் எழுந்து போய்விடலாமா என்று நோலீனுக்குத் தோன்றியது. ஆனால் எழுந்து போனால் தேட இனி இடம் இல்லை. கிழவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க. உங்க துக்கத்தைக் கிளற வரலை. நானும் அந்த விடுதியிலதான் பிறந்தேன். அதே வருஷம், அதே பதினொண்ணாம் தேதி. என்னைத் தூக்கி வேற வீட்டுக்குக் கொடுத்துட்டாங்க. பெத்தவங்க யாருன்னு தெரியாமலே எனக்கும் வயசாயிடுச்சு. அன்னிக்கு உங்ககூடப் பிரசவமான அந்தப் பொண்ணு... அவங்க பேரு மட்டும் சொல்லுங்க. பாதிப் பேரு ஞாபகம் இருந்தாலும் போதும். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

பெரில் மெல்ல எழுந்து வந்தார். நோலீனின் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"அன்னிக்கு அங்க பெத்தவ நான் ஒருத்திதான், கண்ணு."