படியிறங்கிய பேரம்

மகனின் குரலுக்கு நாற்பதாயிரம் விலை சொன்னான் கடைக்காரன்.

சின்ன விமானம் ஓட்டிய நவ்ஷாத் காய்ச்சலில் இறந்ததும் மருமகள் விற்றுவிட்ட கையடக்க ஜிபிஎஸ் அது. பழைய சொந்தக்காரரின் குரலிலேயே வழி சொல்லும்.

"நேராப் போங்க, நான் இருக்கேன்ல" என்றது.

நவ்ஷாத்தின் அப்பா, ஜவுளி வியாபாரி அப்பாஸ், அதன் பக்கம் காதைச் சாய்த்தார். வாய் மட்டும், "பழசுதானே, முப்பதுக்குக் குடு" என்றது.

"கட்டாது பாய்."

பழக்க தோஷம், எழுந்து படியிறங்கினார். திரும்பக் கூப்பிடுவான் என்று மெதுவாகச் செருப்பை மாட்டினார். அதற்குள் ஓர் இளைஞன் பேரமே பேசாமல் வாங்கிவிட்டான்.

"தம்பி, அறுபது தர்றேன்."

"இந்தக் குரல் பிடிச்சிருக்கு பாய், விக்க மாட்டேன்."

நவ்ஷாத் அவனுக்கு வழி சொல்லிக்கொண்டே போனான். அப்பாஸின் மடியில், கொண்டுவந்த அறுபதாயிரமும் ஒரு ரூபாய் குறையாமல் இருந்தது.