வசுமதியின் சம்பளம்

வரிக் கணக்கில் கையெழுத்து வாங்க ஆடிட்டர் வீட்டுக்கு வந்திருந்தார். கணவன் கதிரேசன் நீட்டும் காகிதத்தில் எப்போதும் படிக்காமலே கையெழுத்திடும் வசுமதி, இன்று அதைப் படித்தாள். கூடவே இணைத்திருந்தது, கதிரேசனின் பனியன் கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்ததாகச் சொல்லும் ஃபார்ம் பதினாறு. பதவி: மேலாளர்.

அவளுக்குப் பள்ளியில் வேலை கிடைத்தபோது, "நீ சம்பாதிச்சுத்தானா நாம சாப்பிடோணும்?" என்று நியமன உத்தரவைக் கிழித்துப் போட்டவன் அவன்.

"நான் எப்பங்க வேலைக்குச் சேந்தேன்?"

"கல்யாணமான வருசமேங்கம்மா," என்றார் ஆடிட்டர்.

"அட, வரிக்காக எல்லாரும் பண்றதுதான். போடு," என்று கதிரேசன் பேனாவைக் கொடுத்தான்.

அவள் காகிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை நீவிவிட்டாள்.

"ஏனுங்க, ராஜினாமாவ யாரு பேருக்கு எழுதோணும்?"