பச்சை உடுத்தும் நாட்கள்

‘பச்சை என்றால் பயம்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்ததைப் பார்த்ததும் இலக்கிய டீச்சர் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டாள்.

பின்னே என்ன? பாடமாக வைத்த நாவலின் நாயகிக்குக் கோபம் வந்தால் சிவப்புச் சேலை, துக்கம் வந்தால் வெள்ளை, மனம் நிறைந்தால் பச்சை. தொண்டைத் தண்ணீர் வற்ற இதைத்தான் நடத்தியிருந்தாள். நாற்பத்தோரு பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி அதையே எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். கடைசித் தாளுக்கு மட்டும் என்ன கேடு?

யாருடைய தாள் என்று தெரியாது. பெயர் எழுதிய மூலையை மடித்து ஒட்டித்தான் திருத்தக் கொடுப்பார்கள், அந்தப் பள்ளியின் கண்டிப்பு அப்படி. கையெழுத்தும் பிடிபடவில்லை. வேண்டுமென்றே சாய்த்துச் சாய்த்து எழுதிய மாதிரி இருந்தது.

அடுத்த வரியைப் படித்தாள்.

‘நாயகி பச்சை உடுத்திய நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. ஒன்பதும் அவள் கணவன் வெளியூரிலிருந்து திரும்பிய மறுநாள்.’

டீச்சருக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமாக இதே நாவலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நடத்துகிறாள். இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

‘சந்தோஷமாக இருப்பவர்கள் கையில் கிடைத்ததை உடுத்துவார்கள். யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று நினைப்பவர்கள்தான் பளிச்சென்று உடுத்துவார்கள். எனக்கு அப்படி ஒருவரைத் தெரியும். பச்சை உடுத்தும் நாளில் அவர் கை மணிக்கட்டு வரை மூடியிருக்கும். எழுந்திருக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். கேட்டால் சிரிப்பார்.’

அடப் பாவமே, பெற்ற அம்மாவைப் பற்றியல்லவா எழுதியிருக்கிறது.

பரீட்சைத் தாளில் கொண்டுவந்து கொட்டுகிற அளவுக்கு அந்தப் பிஞ்சு மனசு என்ன பாடு படுகிறதோ. அந்த அம்மாவைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும். எல்லாவற்றையும் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாயே, உன் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, தெரியுமா என்று கேட்க வேண்டும்.

ஒட்டிய மூலையை நகத்தால் நெம்பினாள்.

“என்ன டீச்சர், நீங்களே பிரிக்கறீங்க? ஹெச்.எம். பார்த்தா உங்களுக்கு முட்டை போட்டுடுவாங்க” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர்.

“விளையாடாதீங்க. ஒரு பிள்ளையோட வீட்டுல ஏதோ சரியில்ல. யாருன்னு தெரிஞ்சாகணும்.”

மூலை பாதி பிரிந்துவிட்டது. அதற்குள் மறுபக்கமும் எழுத்து இருப்பது தெரிந்து, தாளைத் திருப்பினாள்.

‘அப்படி அவர் வரும் நாளில் வகுப்புத் தலைவி, பேசுபவர்களின் பெயரைப் பலகையில் எழுத மாட்டாள். எழுதத் தேவையிருக்காது. அன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம். இந்த நாவலை எங்களுக்கு நடத்தி முடித்த அன்றும் அவர் பச்சைதான் உடுத்தியிருந்தார்.’

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தன்னைப் பெற்ற தாயிடமே அவள் மூச்சு விடாத விஷயம். கூடப் பிறந்தவள் கண்ணைப் பார்த்துக் கேட்டபோதுகூட, குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சிரித்த விஷயம். கணக்கு டீச்சர் ஏதோ கேட்டாள். காதில் ஏறவில்லை. கை பட்டுப் பேனா உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது, அதைக் குனிந்து எடுக்க அவளால் முடியவில்லை.

பிரித்த மூலையைத் திரும்ப அழுத்தி ஒட்டினாள். எந்தப் பிள்ளையாக இருந்தால் என்ன, எல்லோருக்கும் தெரியும்.

மணி அடித்தது. அடுத்த பீரியட் அதே வகுப்பு. மேசையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

டீச்சர்கள் இன்னும் போய்ச் சேராததால் வராந்தா நெடுக ஒவ்வொரு அறையிலும் சந்தைக்கடை இரைச்சல்.

கடைசி அறையில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.