ஊசி ஆடவில்லை

“ஊசி ஆடல டீச்சர். எம் பொண்ணு தப்பா வெச்சிதா, இல்ல ஊசியே டூப்பா? அத்த மட்டும் சொல்லுங்க.”

திருமுல்லைவாயிலில் மதிவதனியின் வீட்டு வாசலில் நின்றவர் எத்திராஜ். பாரிவாக்கத்திலிருந்து விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு காந்த ஊசி.

அவளுக்கு அது அடையாளம் தெரிந்தது. பள்ளி பள்ளியாகப் போய் அறிவியல் சோதனை செய்து காட்டுவதுதான் அவள் வேலை. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், மின்சாரம் பாயும் கம்பியின் பக்கத்தில் ஊசி திரும்புவதைக் காட்டியவர் ஆயர்ஸ்டெட். போன மாதம் பாரிவாக்கத்தில் அந்தச் சோதனையைத்தான் பேட்டரி வைத்துச் செய்தாள். டக்கென்று பதில் சொன்ன இவர் மகள் தேவிப்பிரியாவுக்கு இந்த ஊசியைப் பரிசாகக் கொடுத்தாள்.

பரிசுப் பொருளுக்குப் புகார் சொல்ல இவ்வளவு தூரமா என்று மதிவதனிக்குச் சிரிப்பு வந்தது. பேட்டரியும் கம்பியும் எடுத்து வந்து வைத்துக் காட்டினாள். ஊசி திரும்பியது.

எத்திராஜின் முகம் தொங்கிப்போனது.

“அப்ப எம் பொண்ணு மேலதான் தப்பா? தெருவே அத்த வெவரங்கெட்டதுன்னு பேசுது டீச்சர். நாலு நாளா எனக்கு சோறு எறங்கல.”

பாவமாக இருந்தது அவளுக்கு. எந்தக் கம்பியில் வைத்துப் பார்த்தாள் என்று கேட்டாள். கரண்ட் கம்பி என்றார்.

அவ்வளவுதானா என்று அவளுக்கு நிம்மதியாயிற்று. பேட்டரி மின்சாரம் ஒரே திசையில் போகும், வீட்டுக்கு வரும் மின்சாரமோ நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் அலையும், அதனோடு ஊசியால் ஓட முடியாது, கரண்ட் இருந்தாலும் அசையாமல்தான் நிற்கும் என்று பொறுமையாக விளக்கினாள்.

“நேரம் இல்லன்னு அத கிளாஸ்ல நான்தான் சொல்லாம விட்டுட்டேன். உங்க பொண்ணு மேல தப்பே இல்லைங்க. ஒருநாள் அவள கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன்.”

எத்திராஜ் ஊசியை அவள் கையில் வைத்தார். அதற்குமேல் அவரால் அழுகையை அடக்க முடியவில்லை.

“மழைல அறுந்து வுழுந்த கம்பி டீச்சர். எடுக்கப் போன என்ன நிறுத்திட்டு, ஊசிய கிட்ட வெச்சிப் பாத்துட்டு, ‘ஆடல நைனா, கரண்ட் இல்ல’ன்னு சொல்லிட்டுத்தான் எம் பொண்ணு அத்த தொட்டுச்சி.”